பென் டிரைவில் திரும்பத் திரும்ப வரும் ஷோர்ட்கட் வைரஸ்: காசு கொடுத்து அன்ட்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு டியூஷன் நடத்துகிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த நோட்ஸைப் பென்னில் கொண்டுபோய் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுப்பது வழக்கம். போன மாதம் வீட்டுக்கு வந்து பென்னைக் குத்தியதும் போல்டர் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷோர்ட்கட்டாகக் கிடந்தது. திருத்துகிற இடத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். மூன்று கிழமையில் பழையபடி அதே கூத்து. காசு கொடுத்து அன்ட்டிவைரஸ் போட்டால்தான் சரிவருமாம். உண்மையா?

பதில்: அந்தக் காசை இப்போதைக்கு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொப்ட் டிபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும். உங்கள் கம்ப்யூட்டரில் அது வேலை செய்ய விடப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் புதிதாகப் போடும்போது பெரும்பாலும் சி டிரைவ் மட்டுமே அழிக்கப்படும். டி டிரைவும் உங்கள் பென்னும் கிருமியோடு அப்படியே இருந்திருக்கும். வீட்டைக் கழுவிவிட்டு அதே சேற்றுச் செருப்போடு உள்ளே வந்த மாதிரி. இரண்டாவது சந்தேகம் இன்னும் பெரியது. லைசென்ஸ் இல்லாத விண்டோஸை 'அக்டிவேட்' பண்ண ஒரு சின்ன மென்பொருளை ஓட்டுவார்கள். அதை ஓட்டுவதற்கு முன் டிபெண்டரை நிறுத்த வேண்டும், அல்லது 'இந்த இடத்தைப் பார்க்காதே' என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு அதைத் திருப்பி மாற்றுவதை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே முதலில் கம்ப்யூட்டர், பிறகு பென். வரிசையை மாற்றினால் சுத்தம் செய்த பென்னில் கம்ப்யூட்டரே மறுபடி கிருமியைப் போட்டுவிடும்.

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷனுக்குள் மெனேஜ் செட்டிங்ஸைத் தட்டுங்கள். ரியல் டைம் புரொடெக்ஷனும் டேம்பர் புரொடெக்ஷனும் 'ஒன்' ஆக இருக்க வேண்டும். அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று, டிபெண்டர் பார்க்காமல் விடும் இடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அங்கே சி டிரைவ் முழுவதுமோ பெயர் தெரியாத ஏதாவது போல்டரோ இருந்தால் நீக்குங்கள். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, ஸ்கேன் ஒப்ஷன்ஸில் ஒப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னமே தேடும். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் ஒளிய வழியில்லை. ஏறக்குறைய 15 நிமிடம் பிடிக்கும். கரண்ட் போகிற நேரம் பார்த்துத் தொடங்காதீர்கள். லெப்டொப் என்றால் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அது முடிந்ததும் புல் ஸ்கேன் கொடுங்கள். டி டிரைவும் அதில் அடங்கும். சில மணித்தியாலம் ஓடலாம், ஓடட்டும். பிறகு பென்னைக் குத்தி, எந்த ஐகனையும் திறக்காமல், கஸ்டம் ஸ்கேனில் பென்னைத் தெரிவுசெய்து தனியாக ஸ்கேன் பண்ணுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பதறுவார்கள். டிபெண்டர் ஷோர்ட்கட்டுகளை அழித்த பிறகு பென் வெறுமையாகத் தெரியும். நோட்ஸ் போய்விட்டது என்று நினைத்துக் கையோடு போர்மட் பண்ணி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பென்னின் ப்ரொப்பர்ட்டீஸைப் பாருங்கள்: உள்ளே ஒன்றுமில்லாதது போலிருக்கும் பென்னில் 9 ஜிபி நிரம்பியிருக்கிறது என்றால் கோப்புகள் பத்திரம். வைரஸ் அவற்றை அழிக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு போல்டரையும் ஒளித்துவிட்டு அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். நீங்கள் அதைத் திறக்கும்போது வைரஸும் ஓடும், போல்டரும் திறக்கும்; அதனால் சந்தேகமே வராது.

மீட்பதற்கு, பைல் எக்ஸ்ப்ளோரரின் போல்டர் ஒப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய் ஒளித்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்' என்பதில் உள்ள சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவதைச் செய்யாமல் விட்டால் ஒன்றும் தெரியாது. இப்போது போல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில வேளை பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் எல்லாம் குவிந்திருக்கும். போல்டரை அப்படியே இழுக்காமல், கம்ப்யூட்டரில் புதிய போல்டர் ஒன்று உண்டாக்கி, உள்ளே இருக்கும் வேர்ட், பிடிஎப், படங்களை மட்டும் கொப்பி பண்ணுங்கள். கடைசியில் .விபிஎஸ், .ஜேஎஸ், .இஎக்ஸ்இ, .எல்என்கே என்று முடிகிற எதையும் தொடவேண்டாம். பிறகு பென்னைப் போர்மட் பண்ணலாம். குவிக் போர்மட் போதும். மாற்றிய அந்த இரண்டு செட்டிங்ஸையும் பழையபடி வைத்துவிடுங்கள்.

இனிப் பிரிண்டுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பென். அதில் பிடிஎப் மட்டும், மூலக் கோப்பு வேண்டாம். பிடிஎப் ஆக்கினால் கடைக் கம்ப்யூட்டரில் பாமினி இல்லாவிட்டாலும் எழுத்துக் குழம்பாது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பென்னைத் திறந்து பார்க்காமல், ரைட் கிளிக் செய்து போர்மட். பாமினியைப் புதிதாக இறக்கும்போதும் கவனம்: எழுத்துரு .டிடிஎப் என்று முடியும். .இஎக்ஸ்இ ஆக வந்தால் அதை ஓட்டாமல் அழித்துவிடுங்கள்.

அக்டிவேட்டர் விஷயத்துக்கு வருவோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ஸ்டொப் என்ற ரான்சம்வேர் பெரும்பாலும் பரவியதே இப்படியான கிராக்குகள் வழியாகத்தான். விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்ட் லெப்டொப் என்றால் லைசென்ஸ் பெரும்பாலும் அதன் போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசொப்டின் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி, அதே பதிப்பைப் போட்டால் அக்டிவேட்டர் இல்லாமலே சரிவரும். ஒபிஸுக்குப் பதில் லிப்ரே ஒபிஸ் இலவசம்.

விண்டோஸ் 10 என்றால் இன்னொரு சிக்கல். 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பதிந்துகொள்பவர்களுக்கு மட்டும் நீடிப்பு. பதியாவிட்டால் டிபெண்டரின் வைரஸ் பட்டியல் தொடர்ந்து வரும், ஆனால் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், அடைப்புக் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 11க்கு இன்டெல் பிரொசெசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும்: ஐ5-7200யூ போதாது, ஐ5-8250யூ சரி. போனிலிருந்து டேட்டா எடுப்பவர்கள் டேட்டா வீணாகாமல் இருக்க வைபையை 'மீட்டர்ட்' என்று போட்டுவைத்திருப்பீர்கள். அப்படியென்றால் பல அப்டேட்கள் இறங்காமல் காத்துக்கிடக்கும். மாதம் ஒருமுறையாவது அதை நிறுத்தி இறங்க விடுங்கள்.

மகனோ மகளோ அதே கம்ப்யூட்டரில் கேம் விளையாடினால், அவர்களுக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக் கொடுங்கள். அட்மின் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

அன்ட்டிவைரஸுக்கு வைத்த காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். டி டிரைவில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் சி, டி இரண்டும் சேர்ந்துதான் போகும். எக்ஸ்டர்னலையும் குத்தியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். கிழமைக்கு ஒருமுறை குத்தி, நோட்ஸைக் கொப்பி பண்ணி, கழற்றி அலுமாரியில் வையுங்கள்.