அனுபியாஸ் ஏன் அழுகுகிறது?

கேள்வி: இரண்டடி மீன் தொட்டியில் அனுபியாஸ் நானாவைச் சரளைக்கல்லில் நட்டேன். ஒன்றரை மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் கையோடு வருகின்றன. உரம் போட்டும் பயனில்லை. பக்கத்தில் இருக்கும் ஜாவா ஃபெர்ன் இலையின் அடியிலும் கரும்புள்ளிகள். காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில் அனுபியாஸைச் சரளையிலிருந்து எடுத்துவிடுங்கள். இலைகளும் வேர்களும் கிளம்பும் தடித்த தண்டு ஒன்று இஞ்சிபோல் படுத்திருக்கும். அந்தச் சாயலைப் பார்த்துத்தான் பலரும் அதைப் புதைத்துவிடுகிறார்கள். கேமரூன் பக்கத்து ஓடைகளில் பாறையையும் விழுந்த மரத்தையும் பற்றி வளரும் செடி இது. தண்டு திறந்தே இருக்க வேண்டும். சரளைக்குள் அடைபட்டால் அழுகும். உரத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நாற்றமடிக்கும் பகுதியை, வெட்டிய இடம் கெட்டியாக, வெளிர்பச்சையாகத் தெரியும்வரை பிளேடால் நறுக்கி எறியுங்கள். மூன்று இலையோடு ஒரு துண்டு மிஞ்சினாலும் போதும்.

அப்புறம் அதைக் கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தித் தையல் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துவிடும். நான் ஒருமுறை தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டி, தண்டே இரண்டாக அறுந்துபோனது. (நல்லவேளை, இரண்டும் பிழைத்தன.) நூல் பிடிக்காதவர்கள் ஃபெவிக்விக் வகைப் பசையில் ஒரு சொட்டு வைக்கலாம். ஜெல்லாக இருந்தால் வழியாது. வேரையும் கல்லையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தண்ணீர் பட்டதும் பசை வெள்ளையாகும், பயப்பட வேண்டாம்.

வேர் பிடித்ததா என்று வாரம்தோறும் இழுத்துப் பார்க்காதீர்கள். புது இலை ஒன்று வரவே மூன்று, நான்கு வாரம் ஆகும். வளரவில்லையே என்று விளக்கைக் கூட்டினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்: ஒரே இலை மாதக்கணக்கில் நிற்பதால் அதன்மேல் பாசி நிதானமாகப் படர்ந்துவிடும். நிழலான மூலையில் வைத்து, ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் விளக்கு போட்டால் போதும்.

ஜாவா ஃபெர்னையும் புதைக்கக் கூடாது. அதன் கரும்புள்ளிகள் இலையின் அடியில் வரிசையாக இருந்தால் நோயல்ல. பெரணிச் செடிகளுக்கே உரிய வித்துப்பைகள். முதிர்ந்த இலைகளில் குட்டிச் செடிகளும் முளைக்கும். மூன்று இலை விட்டதும் கிள்ளி அடுத்த கல்லில் கட்டிக்கொள்ளுங்கள்.