கேள்வி - பதில்: இடமாற்றக் கட்டளை வந்த வீடு

இம்முறை வந்த கடிதங்களுள் பல படைச்சேவையில் ஏற்படும் இடமாற்றம் பற்றியே கேட்டிருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் அண்ணாவின் மகன் அமெரிக்காவில் பிறந்து, அந்நாட்டுத் தரைப்படையில் சேர்ந்தவன். டெக்சாசில் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வாடகை வீட்டில் இருந்தவனுக்கு இப்போது தென் கொரியாவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. ஒரு வருடம், குடும்பம் இல்லாமல் போக வேண்டுமாம். மேலதிகாரியுடன் ஏதோ முரண்பட்டதால் தண்டனையாக அனுப்புகிறார்கள் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணி சாப்பிடாமல் இருக்கிறார். இது தண்டனைதானா? வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றனவே, அதை என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் வீட்டாரின் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. நம் நாட்டில் ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ எதிர்பாராத விதமாகக் கஷ்டப் பிரதேசம் ஒன்றுக்கு மாற்றப்பட்டால், அவருக்கு வேண்டாதவர் யார், அவர் யாரைப் பிடித்து இதைச் செய்வித்தார் என்றுதான் முதலில் விசாரிப்போம். அந்த அளவுகோலை அமெரிக்கத் தரைப்படைக்குப் பொருத்தினால் தவறான விடையே கிடைக்கும். அங்கே ஒரு சிப்பாயை எங்கு அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் அவருடைய நேரடி மேலதிகாரி தீர்மானிப்பதில்லை. கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நொக்ஸில் இயங்கும் மனிதவளக் கட்டளையகம், எந்தத் தளத்தில் எந்தத் தரத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் வெற்றிடம் இருக்கிறது, அந்தத் தொழில் தெரிந்தவர்களுள் யார் இப்போதைய தளத்தில் போதிய காலத்தைக் கழித்துவிட்டார் என்பதைப் பார்த்துக் கட்டளை பிறப்பிக்கிறது. உங்கள் மருமகனின் முகத்தையே அறியாத ஓர் அலுவலகம் அவரைத் தண்டிப்பதற்காகக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அண்ணியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கொரியா என்றவுடன் குடும்பமின்றிப் போக வேண்டியிருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950இல் தொடங்கிய கொரியப் போர் 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்படிக்கையுடன் நின்றதே தவிர, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கைச்சாத்திடப்படவில்லை. ஆகவே நெடுங்காலமாக அந்நாடு, சிப்பாய்கள் தனியாகச் சென்று ஒரு வருடத்தில் திரும்பும் இடமாகவே கருதப்பட்டு வந்தது. இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2018இல் அமெரிக்கப் படைகளின் தலைமையகம் சியோல் நகரின் நடுவிலிருந்து தெற்கே பியொங்தெக் அருகிலுள்ள கேம்ப் ஹம்ஃப்ரீஸ் தளத்துக்கு நகர்ந்தது. அங்கே குடும்பங்களுக்கான குடியிருப்புகளும் பாடசாலைகளும் மருத்துவமனையும் இருக்கின்றன. வழமையாகத் தனியாகச் செல்பவருக்கு 12 மாதங்கள், கட்டளையகத்தின் அனுமதி பெற்றுக் குடும்பத்துடன் செல்பவருக்கு 24 மாதங்கள் என்பது சேவைக்காலம். ஆகவே உங்கள் மருமகன் கேட்க வேண்டியது, குடும்பத்தை அழைத்துச் செல்லும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமா என்பதுதான். ஒரு வருடப் பிரிவா, இரண்டு வருடம் அந்நிய நாட்டில் சேர்ந்து வாழ்வதா என்பதைக் கணவனும் மனைவியும் தீர்மானிக்கட்டும். கொழும்பிலிருந்து நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தெரிவு இருக்கக்கூடும் என்பதை அறியாமலே பிரிந்து நிற்பது வீண்.

வாடகை வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். படைச்சேவையாளருக்கான நிவாரணச் சட்டம் என்று 2003இல் இன்றைய வடிவம் பெற்ற ஒரு கூட்டாட்சிச் சட்டம் அங்கே இருக்கிறது. நிரந்தர இடமாற்றக் கட்டளை பெற்ற ஒருவர், அக்கட்டளையின் பிரதியை இணைத்து வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்தால், அதற்குப் பின் வாடகை செலுத்த வேண்டிய முதல் நாளிலிருந்து 30 நாட்களில் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஜூன் 10ஆம் திகதி அறிவித்து, வாடகை ஜூலை 1ஆம் திகதி செலுத்த வேண்டியதாயின், ஜூலை மாத இறுதியுடன் பொறுப்பு தீர்ந்தது. முன்கூட்டியே விலகுவதற்கான அபராதத்தை அறவிட முடியாது. மனைவியும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தால் அவருக்கும் இது பொருந்தும். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வருவதுதான் பலர் செய்யும் பிழை. சட்டம் எழுத்தையே ஏற்கும்.

அவர் தனியாகச் செல்வதாயின், புறப்படுமுன் மனைவியின் பெயரில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம், ஒன்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வங்கி, வாகனம், வரிப் படிவம் என்று எத்தனையோ இடங்களில் அவருடைய கையொப்பம் கேட்கப்படும். அவரோ அப்போது 14 மணி நேர வித்தியாசத்தில் இருப்பார். தளத்திலுள்ள சட்ட உதவி அலுவலகம் இதைக் கட்டணமின்றியே செய்து கொடுக்கும். புதிய பிரிவிலிருந்து அவருக்கு ஒரு வழிகாட்டியும் நியமிக்கப்படுவார். அந்த மனிதருக்குச் சங்கோசப்படாமல் கேள்விகளை எழுதி அனுப்புவது நல்லது. நம் பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும், தெரியாததைக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணத்தை மட்டும் எப்படியோ நம்மிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி: இடமாற்றத்தை ஏற்க மாட்டேன் என்று ஒரு சிப்பாய் சொல்ல முடியுமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முடியாது. அமெரிக்க இராணுவ நீதிக் கோவையின் 87ஆம் உறுப்புரை, தன் பிரிவுடனோ கப்பலுடனோ விமானத்துடனோ புறப்பட வேண்டியவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ தவறவிடுவதையே தனிக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. எனினும் மறுப்பது வேறு, மனுச் செய்வது வேறு. குடும்பத்தில் கடும் நோய் போன்ற நெருக்கடி இருந்தால் கருணை அடிப்படையில் வேறிடம் கேட்கலாம். விசேட மருத்துவ அல்லது கல்வித் தேவையுள்ள பிள்ளை இருந்தால் அதைப் பதிவு செய்துவைக்க ஒரு திட்டம் உண்டு. அந்த வசதியில்லாத தளத்துக்குக் குடும்பத்தை அனுப்பாமல் இருக்க அப்பதிவு உதவும். கட்டளை வந்த பிறகு ஓடித் திரிவதைவிட முன்னரே பதிந்து வைப்பது எளிது.

கேள்வி: நான் பிறந்து வளர்ந்த தெருவின் பெயர் ரைஃபிள் வீதி. படையினர் இருந்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் ஊரிலிருந்தும் சிப்பாய்களை வெளிநாடுகளுக்கு மாற்றியிருக்கிறார்களா? அவர்கள் மறுத்ததுண்டா?
— வாசகர், கொம்பனித்தெரு

பதில்: உங்கள் தெருவே அதற்குச் சாட்சி. பிரித்தானியர் காலத்து இலங்கை ரைஃபிள் படையணியில் பெரும்பான்மையினராக இருந்தவர்கள் மலாயர்கள். அப்படையணியின் ஒரு பகுதி 1847இல் ஹொங்கொங்கில் காவல் கடமைக்காகக் கப்பலேற்றப்பட்டது. கொழும்பின் வெக்கைக்குப் பழகியவர்கள் சீனக் கரையின் குளிர்காலத்தில் காவல் நின்றார்கள். 1873இல் படையணி கலைக்கப்பட்டது. கொம்பனித்தெருவில் மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்கள் மட்டுமல்ல, அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களும் இன்றும் இருக்கிறார்கள்.

மறுத்தவர்களைத் தேடினால் இன்னும் பழைய காலத்துக்குப் போக வேண்டும். பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகு ஆண்டபோது, அவனிடம் கூலிப்படையாக இருந்த வேளைக்காரரைச் சோழநாட்டுக்கு எதிராகக் கடல் கடந்து செல்லும்படி பணித்தான் என்றும், அவர்கள் போக மறுத்துக் கிளர்ந்து, படைத்தலைவர்களைக் கொன்று, அரண்மனைக்குத் தீவைத்தார்கள் என்றும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. விந்தை என்னவென்றால், அதே வேளைக்காரர், விஜயபாகுவின் மறைவுக்குப் பின்னர், புத்தரின் புனிதத் தந்தம் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாகப் பொறுப்பேற்றுப் பொலன்னறுவையில் தமிழில் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் மறுத்தது சேவையை அல்ல, எங்கே, யாருக்கு எதிராக என்பதைத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

நமக்கு அண்மைய உதாரணம் 1942ஆம் ஆண்டினது. இலங்கை காவற்படைப் பீரங்கிப் பிரிவில் சேர்ந்த இளைஞர்கள் கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்களின் கரையோரப் பீரங்கிகளை இயக்கப் பயிற்றப்பட்டவர்கள். அவர்களுள் சிலர் சீசெல்சுக்கும் இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள கொக்கோஸ் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். கொக்கோசில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தைக் காப்பதற்காக ஹோர்ஸ்பர்க் என்ற சிறு தீவில் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. சிங்கப்பூர் அந்த ஆண்டு பெப்ரவரியில் ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. தம் வீடுகள் தாக்கப்பட்ட செய்தியைக் கேட்டபடி, தென்னையும் பவளப்பாறையும் மட்டுமே உள்ள ஒரு தீவில் அந்த இளைஞர்கள் இருந்தார்கள். மே 8ஆம் திகதி இரவு கிரேஷன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் அவர்களுள் ஒரு பகுதியினர் கிளர்ந்தனர். ஒரு சிப்பாய் இறந்தார். சில மணி நேரத்துக்குள் கிளர்ச்சி ஒடுங்கிவிட்டது. ஓகஸ்ட் மாதத்தில் மூவர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மூவர் மட்டுமே.

இதற்கு இடமாற்றம்தான் காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வும் கட்டளை அதிகாரி மீதான கசப்பும் அங்கே வலுவாக இருந்தன. ஆனால் ஒரு துறைமுக நகரத்தில், வார இறுதியில் வீட்டுக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தால், அதே கசப்பு முணுமுணுப்பாகவே கரைந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

கேள்வி: ஆளை மாற்றுவதைவிட முழுப் பிரிவையும் சேர்த்து மாற்றுவது நல்லதல்லவா? நண்பர்களாவது கூட இருப்பார்களே.
— வாசகர், தெஹிவளை

பதில்: இரண்டையும் நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. வியட்நாமில் அமெரிக்கா ஆளை ஆளாக மாற்றியது. தரைப்படைச் சிப்பாய்க்கு 12 மாதம், மரீன் வீரருக்கு 13 மாதம்; களத்தில் பிரிவுகளை நடத்திய அதிகாரிகள் பலருக்கு ஏறத்தாழ 6 மாதம் மட்டுமே. நிலத்தையும் ஆபத்தையும் ஒருவர் அறிந்துகொள்ளும் நேரத்தில் அவர் போய்விடுவார், அறியாதவர் வந்து நிற்பார் என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. பிரித்தானியத் தரைப்படையோ நீண்ட காலமாகக் காலாட்படைப் பட்டாலியன்களை முழுதாகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர்த்தி வந்தது. உங்கள் யோசனை போலவே தோழமை குலையவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே வேளையில் வீடு பெயர்ந்தன, மனைவியர் தம் வேலைகளை இழந்தனர், எந்நேரமும் சில பட்டாலியன்கள் நகர்விலும் மறுபயிற்சியிலும் இருந்தமையால் பணிக்குக் கிடைக்கவில்லை. 2004இல் அந்தச் சுழற்சியைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

முழுப் பிரிவாகப் போவது என்பது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இருப்பதுமில்லை. இங்கிலாந்தின் வடக்கே விண்டொலாண்டாக் கோட்டையில் கிடைத்த, கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மெல்லிய மரப்பலகை ஒன்றில் ஓர் உரோமப் படைப்பிரிவின் ஆட்கணக்கு மையால் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 752 பேர்; அவர்களுள் 456 பேர் வேறிடங்களில். கொரியா எனப்பட்ட அயல் கோட்டையில் மட்டும் 337 பேர். இந்தப் பெயரைக் கண்டு முதற்கேள்வி கேட்ட வாசகி திகைக்க வேண்டாம், அது இங்கிலாந்தின் இன்றைய கோர்பிரிட்ஜ்.

கேள்வி: என் தங்கை திருமணமாகித் தமிழ்நாட்டில் இருக்கிறாள். அவள் கணவர் இந்தியத் தரைப்படையில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் இருந்தார். இப்போது எல்லைப் பகுதிக்கு மாற்றம். மூத்தவள் நான்காம் வகுப்பு. இரண்டாவது பாடசாலையும் மாறிவிட்டது. இனி என்ன செய்வது என்று அழுகிறாள்.
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: மெட்ராஸ் படையணியின் தலைமை நிலையம் இருக்கும் வெலிங்டனைப் போன்ற இடங்களை அங்கே அமைதி நிலையம் என்றும், எல்லையோரங்களைக் கள நிலையம் என்றும் பிரித்திருக்கிறார்கள். கள நிலையத்தில் குடும்பம் தங்க இயலாது. ஆயினும் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்றே சில நகரங்களில் படைக் குடியிருப்புகள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கு அவருடைய பிரிவின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருப்பதால் தாமதிக்க வேண்டாம்.

பிள்ளையின் படிப்புக்குக் கேந்திரிய வித்யாலயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி ஊர்விட்டு ஊர் மாறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1962இல் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் அது. அடுத்த ஆண்டில் படையணிகள் நடத்தி வந்த 20 பாடசாலைகளைக் கொண்டே தொடங்கப்பட்டது. எந்த மாநிலத்தில் சேர்ந்தாலும் பாடத்திட்டம் ஒன்றே என்பதால், ஆண்டின் நடுவில் மாறினாலும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சேர்க்கையில், பெற்றோர் கடந்த 7 ஆண்டுகளில் எத்தனை தடவை இடமாற்றம் பெற்றார் என்பது முன்னுரிமையாகக் கணக்கிடப்படும். உங்கள் தங்கையை அழவைத்த அதே மாற்றங்கள் அந்த விண்ணப்பத்தில் அவளுக்குச் சாதகமாக நிற்கும். ஆகவே பழைய இடமாற்றக் கட்டளைகளின் பிரதிகளை எறிந்துவிடாமல், கணவரின் அலுவலகத்தில் சேவைச் சான்றிதழ் பெற்று அவற்றுடன் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.