நிதியுதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் வெளிநாட்டு மாணவி நான். நிதியுதவி வேண்டும் என்று குறிப்பிட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துவிடுமா?

பதில்: பல கல்லூரிகளில் குறையும் என்பதே உண்மை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற மிகச் சில நிறுவனங்கள் மட்டுமே, வெளிநாட்டவரையும் குடும்ப வருமானம் பாராமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் தொகையை முழுமையாக வழங்குகின்றன. அங்கே போட்டி மிகக் கடுமையானது. எனினும், பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' இணைய விண்ணப்பத்தில் நிதியுதவி கோருகிறீர்களா என்ற வினாவுக்கு, வாய்ப்பு கூடும் என்றெண்ணி 'இல்லை' என்று பதிலளித்துவிடாதீர்கள். சேர்க்கைக்குப் பிறகு கேட்டால் பல கல்லூரிகள் மறுத்துவிடும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்தைப் பெறவும், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை ஆவணங்களோடு காட்டியாக வேண்டும்.