கட்டைப்பை யார் கையில்?

சின்ன வயதிலிருந்தே நீண்டகால நோய்க்காகக் குழந்தைகள் டாக்டரிடம் வரும் பிள்ளைகளிடம், ‘வயசாகிடுச்சு, இனிமே பெரியவங்க பிரிவுக்குப் போங்க’ என்று ஒருநாள் சொல்லிவிடுகிறார்கள். சில இடங்களில் அது 18 வயது. பல அரசு மருத்துவமனைகளில் 12 வயதிலேயே. எங்கே, யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மகளுக்கு 15 வயது. 6 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. அளவை நான்தான் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் ஹாஸ்டலுக்குப் போவேன் என்கிறாள். எப்போது பழக்க ஆரம்பிப்பது? – ஒரு தாய், திருப்பூர்

இன்றைக்கே. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதற்கு 13, 14 வயதிலேயே திட்டமிடச் சொல்கிறது. பரவாயில்லை, பெரிய தாமதம் இல்லை.

என் அறையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். ‘ராத்திரி தூக்கத்தில் வேர்த்ததா?’ என்று பையனிடம் கேட்பேன். பையன் அம்மா முகத்தைப் பார்ப்பான். அம்மா பதில் சொல்வார். ரிப்போர்ட்டெல்லாம் அடுக்கிய கட்டைப்பை அவர் மடியில் இருக்கும். எது எந்தக் கவரில் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கை மாற வேண்டியது முதலில் அந்தப் பைதான். அடுத்த முறை பையை மகள் தூக்கி வரட்டும். முதல் பத்து நிமிடம் அவள் மட்டும் உள்ளே பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

வீட்டில், இன்சுலின் அளவை முதலில் அவள் சொல்லட்டும். தவறாக இருந்தால் மட்டும் திருத்துங்கள். கொஞ்ச நாளைக்கு சர்க்கரை ஏறி இறங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி ஊசியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

ஹாஸ்டலுக்குப் போகும் முன் சில விஷயங்கள் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்து எதுவுமே சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. ‘சாப்பிடல, அதான் ஊசி போடல’ என்று சொல்லி நேராக ஐசியூவுக்கு வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அறைத் தோழி ஒருத்திக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்: மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-க்கு அழைக்க வேண்டும். அப்புறம், இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் என்றால், ஈர மணலுக்குள் வைத்த சின்ன மண்பானை நம் ஊர் வெயிலுக்கு நன்றாகவே தாங்கும்.

2 வயதில் இதய ஆபரேஷன் நடந்தது (ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் குறை). இப்போது 20. ஃபுட்பால் ஆடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. 14 வயதோடு செக்கப்பை விட்டுவிட்டேன். போக வேண்டுமா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

போக வேண்டும், தம்பி. அந்த ஆபரேஷனில் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியை அகலப்படுத்துகிறார்கள். அந்த வழியில் இருக்கும் வால்வு பலருக்குப் பிற்பாடு கசியும். வருடக்கணக்காகக் கசிந்து வலது கீழறை மெல்ல வீங்கும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் வரும்போது வால்வை மாற்றுவதற்கான நல்ல நேரம் கடந்திருக்கலாம். எக்கோவும் எம்ஆர்ஐயும் அதை முன்கூட்டியே காட்டிவிடும். சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு வைக்கலாம்.

அடைப்பு, ஆஞ்சியோ என்று பார்க்கும் இதய மருத்துவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமில்லை. பிறவி இதய நோய் பார்ப்பவரையே தேடுங்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் ஆபரேஷன் குறிப்பின் நகலை இப்போதே எழுதிக் கேளுங்கள். பழைய ஃபைல்கள் நெடுநாள் இருப்பதில்லை.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் என் மகளுக்கு 19 வயது. வரன் பார்க்கிறோம். மாத்திரையை நிறுத்திவிடலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? – தஞ்சாவூர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. வளர்ச்சி, படிப்பு பாதிக்கப்படும் குழந்தைகள் அதைவிட அதிகம். குழந்தைப் பருவத்தில் எழுதிய சீட்டு, பெண் பெரியவளான பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது எங்கள் பக்கத்துத் தவறு. லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற வேறு வலிப்பு மாத்திரைகளுக்கு மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மாற்ற மாதங்கள் ஆகும். கல்யாணத் தேதி குறித்த பிறகு ஓடி வராதீர்கள்.

சொல்ல வேண்டுமா என்றால், சொல்லிவிடுங்கள் என்பேன். மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடும் புதுப்பெண் இரண்டு வேளை தவறவிடுவாள், மூன்றாம் நாள் வலிப்பு வரும். சட்டத்தைப் பற்றியும் ஒன்று: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாக வைத்திருந்த வாசகத்தை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். புரோக்கர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஆட்டிசம் உள்ள மகனுக்கு 18 முடிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நான் போட்ட கையெழுத்து செல்லாது என்கிறார்கள். அப்பா நான் இல்லையா? – சேலம்

அப்பாதான். ஆனால் 18 முடிந்ததும் பெற்றோர் என்ற முறையில் இருந்த இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தக் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றியும் அங்கேயே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

வயது 22, சிறுநீரக நோய். புது டாக்டர் ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார். பழைய குழந்தை டாக்டரிடமே போகலாமா? – மதுரை

ஆசை புரிகிறது. எனக்கும் முகம் பழகிய பிள்ளைகளை அனுப்ப மனசு வராது. ஆனால் உங்களுக்கு இனி வரக்கூடிய ரத்த அழுத்தம், வேலை, கல்யாணம், மாற்று சிறுநீரகம் பற்றியெல்லாம் அவரைவிடப் புது டாக்டருக்குத்தான் அதிகம் தெரியும்.

ஒருமுறை ஒரு பையனுக்கு ஒரே வரியில் சீட்டு எழுதிக் கொடுத்து வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கேயும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து மூச்சுத் திணறலோடு வந்தான். அதிலிருந்து ஒரு பக்கம் முழுக்க எழுதித்தான் அனுப்புகிறேன்: நோயின் பெயர், கண்டுபிடித்த வருடம், இப்போதைய மருந்தும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசி ரத்தப் பரிசோதனை, பழைய டாக்டரின் போன் எண். அப்படி ஒரு பக்கம் கையில் இருந்தால் ஐந்து நிமிடம் போதும். உங்கள் டாக்டருக்கு எழுத நேரமில்லை என்றால் நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து மட்டும் கேளுங்கள். போட்டுத் தருவார்.