பல்லு படிக்கிற பொண்ணுக்கு மெடிசின் வார்டுல என்ன வேலைன்னு கேட்ட தர்மபுரி அக்காவுக்கு

அக்கா வணக்கம். உங்க வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவ கேட்டேன். பாப்பா பிடிஎஸ் மூணாவது வருஷம், ஜெனரல் மெடிசின் போஸ்டிங் போட்டிருக்காங்க, அங்க எம்பிபிஎஸ் பசங்களுக்குப் பின்னாடி ஓரமா நிக்க வேண்டியிருக்கு, "பல்லு புடுங்கப் போறவளுக்கு ஈரலைத் தொட்டுப் பாத்து என்ன ஆகப் போகுது"ன்னு போன்ல அழறா, கூட படிக்கறவங்க அட்டெண்டன்ஸ் போட்டுட்டு கேன்டீன் போயிடறாங்க, இவளும் அப்படியே இருந்துடட்டுமான்னு கேக்கறீங்க.

இருந்துட வேணாம். எவ்வளவு அவமானமா இருந்தாலும் அந்த வார்டுலயே நிக்கச் சொல்லுங்க.

ஏன்னு சொல்றேன். எங்கப்பாவுக்கு ஹார்ட் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் கூட ஆகல, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு, கடவாய்ப்பல் வலி தாங்காம தெருமுனை கிளினிக்குக்குப் போனாரு, அங்க "ரத்தம் நிக்காது, அந்த மாத்திரைய அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க"ன்னு வாயால சொல்லி அனுப்பிட்டாங்க, இவரும் நிறுத்திட்டாரு, வீட்ல யாருக்கும் தெரியாது. மூணாம் நாள் செக்கப்புக்குப் போனப்போ ஹார்ட் டாக்டர் விஷயம் தெரிஞ்சு சத்தம் போட்டாரு பாருங்க, ஸ்டென்ட்ல ரத்தம் கட்டிக்கிட்டா என்ன ஆகும்னு. கடைசில மாத்திரைய நிறுத்தாமலே வேற இடத்துல பல்லை எடுத்தாங்க, பஞ்சை வச்சு கடிக்கச் சொல்லி ஒரு தையல் போட்டாங்க, அவ்வளவுதான். ரெண்டு டாக்டர் நடுவுல ஒரு போன் கால், அது நடக்கல.

இந்த மாதிரி இடத்துல என்ன கடுதாசி எழுதறாங்கன்னும் நான் பாத்திருக்கேன் அக்கா. "பல் எடுக்க ஃபிட்னெஸ் தரவும்"னு டென்டல்ல இருந்து ஒரு வரி, "பல் எடுக்க ஃபிட்"னு மெடிசின்ல இருந்து பதிலுக்கு ஒரு வரி. இதுல யாருக்கு என்ன தெரிஞ்சது சொல்லுங்க. அதையே "58 வயசு, சுகர் 10 வருஷமா, கீழ் கடவாய்ப்பல் ரெண்டு எடுக்கணும், மரத்துப்போற ஊசி போட்டு அரைமணி நேர வேலை, ரத்தம் கொஞ்சம் வரும், இந்தந்த மாத்திரை சாப்பிடறாரு, கடைசி மூணு மாச சுகர் அளவு என்ன, மாத்திரைல ஏதாவது மாத்தணுமா"ன்னு கேட்டா அந்தப் பக்கம் இருக்கறவரு உக்காந்து யோசிச்சு பதில் எழுதுவாரு. இப்படி எழுதணும்னா சுகர் பேஷண்ட்னா யாரு, எந்த மாத்திரை எதுக்குன்னு அந்த வார்டுல நின்னு பாத்திருக்கணும்.

சுகர்னதும் ஒண்ணு சொல்லணும். சுகர் கட்டுப்பாட்ல இல்லைன்னா ஈறு கெடும், ஈறு ரொம்ப கெட்டுப் போனா சுகரும் கட்டுக்குள்ள வர கஷ்டப்படும், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். பிரஷருக்குக் குடுக்கற அம்லோடிபின் மாத்திரை சில பேருக்கு ஈறை வீங்க வச்சு பல்லு மேலயே வளர வச்சிடும், பல் டாக்டர் எத்தன தடவ கிளீன் பண்ணாலும் திரும்பத் திரும்ப வரும், மாத்திரை எழுதினவருக்கு பல நேரம் இது தெரியறதே இல்ல, அவர்கிட்ட சொன்னாத்தான் வேற மாத்திரை மாத்தலாமான்னு யோசிப்பாரு. எலும்புல பரவின கேன்சருக்குப் போடற ஸோலெட்ரானிக் ஊசி, வாய் கேன்சருக்கு ரேடியேஷன், இதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கெட்ட பல்லை எடுத்துடணும், அப்புறமா எடுத்தா தாடை எலும்பே செத்துப் போற ஆபத்து இருக்கு. அதனாலதான் கேன்சர் ஆஸ்பத்திரில ரேடியேஷனுக்கு முன்ன பல் டாக்டர்கிட்ட அனுப்பறாங்க. உதடு பிளந்து பிறக்கற குழந்தைக்கு பிளாஸ்டிக் சர்ஜன், பல்லு வரிசை பாக்கறவரு, காது மூக்கு தொண்டை டாக்டர், பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க எல்லாரும் வருஷக் கணக்குல சேந்து பாக்கணும், ஒருத்தரால ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் 2010லயே இதுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. வேற வேற துறை பசங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர், ஒருத்தர்கிட்ட ஒருத்தர், ஒருத்தரோட ஒருத்தர் சேந்து படிக்கணும்னு. அமெரிக்காவுல இதுக்காக 2009ல ஆறு கல்விச் சங்கங்கள் சேந்தப்போ பல் மருத்துவக் கல்வி சங்கமும் அதுல ஒண்ணு. நம்ம ஊர்ல வேடிக்கை என்னன்னா, நிறைய தனியார் கேம்பஸ்ல டென்டல், நர்சிங், பார்மசி, பிசியோ எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கு, காலைல ஒரே பஸ்ல வர்றாங்க, ஆனா அஞ்சு வருஷம் முடிஞ்சு போறப்ப கூட ஒருத்தர் வேலை என்னன்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. பாப்பாகிட்ட பஸ்ல பக்கத்து சீட்டு நர்சிங் பொண்ணுகிட்ட ஐசியூல வென்டிலேட்டர் பேஷண்ட்டுக்கு வாய் எப்படி கிளீன் பண்றாங்கன்னு கேக்கச் சொல்லுங்க, அரைமணி நேரம் போறதே தெரியாது.

உங்க ஊரையே எடுத்துக்கோங்களேன். தர்மபுரிப் பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு, பசங்க பல்லு பழுப்பா கறை படிஞ்சு சிரிக்கவே வெக்கப்படுதுங்க, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணில 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறாங்க. கறை பல்லைப் பாக்கறது டென்டல் வேலை, மூட்டு எலும்பு இறுகிப் போனவரைப் பாக்கறது மெடிசின், தண்ணிய டெஸ்ட் பண்றது குடிநீர் வாரியம், எந்தத் தெருவுல இன்னும் போர் தண்ணி குடிக்கறாங்கன்னு தெரிஞ்சது விஎச்என்னு சொல்ற கிராம சுகாதார செவிலியர் சிஸ்டருக்கு. இன்டர்ன்ஷிப்ல பொது சுகாதாரப் பிரிவு போஸ்டிங் வரும், அப்ப இதையே ஒரு சின்ன புராஜெக்டா எடுக்கலாம். சொந்த ஊர் வேற.

வேலை விஷயம். பொய் சொல்ல மாட்டேன், பிடிஎஸ் முடிச்சதும் தனியார் கிளினிக்ல குடுக்கற சம்பளம் ரொம்பக் கம்மி, சொந்த கிளினிக் போடணும்னா சேர், எக்ஸ்ரே, அட்வான்ஸ்னு கடன்தான், தெருவுக்கு மூணு கிளினிக் வேற இருக்கு. அதனாலதான் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கற பல் டாக்டர் வேலைய இப்பவே மனசுல வைக்கட்டும். அரசு வேலைக்கு எம்ஆர்பிங்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா பல் உதவி மருத்துவர் எடுக்கறாங்க. பிடிஎஸ்க்கு மேல படிக்கற எம்டிஎஸ் மூணு வருஷம், அதுல வாய் மருத்துவம், தாடை அறுவை சிகிச்சை, பொது சுகாதாரம் மாதிரி பிரிவுகள் எல்லாம் மத்த டாக்டருங்களோடயே குடித்தனம் பண்ற பிரிவுகள். எம்பிஎச்னு பொது சுகாதார மேல்படிப்பு படிக்கவும் வழி இருக்கு.

எம்பிபிஎஸ் பசங்க மதிக்கலைங்கறது உண்மைதான், சிலது அப்படித்தான் இருக்கும். ஆனா வார்டு ரவுண்ட்ஸ்ல பேஷண்ட் வாயைத் திறந்து பாக்கறது அங்க பெரும்பாலும் யாரும் பண்றதில்ல. இவ ஒரு நாள் டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்து, "சார், இவருக்கு கன்னத்துல உள்பக்கம் வெள்ளையா இருக்கு, வாய் ரெண்டு விரல் கூடத் திறக்கல, பாக்கு போடுவாரான்னு கேக்கலாமா"ன்னு சொல்லட்டும், அப்புறம் பாருங்க.

இந்த வாரம் ஒரு பேஷண்ட்டைப் பிடிச்சு, பேரு போடாம, மேல சொன்ன மாதிரி ஒரு கடுதாசி எழுதி முதல்ல அவங்க மேடம்கிட்ட காட்டச் சொல்லுங்க, அப்புறம் எனக்கு அனுப்பச் சொல்லுங்க. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனா படிச்சா புரியுதா இல்லையான்னு சொல்லிடுவேன்.