பால் புரதப் பவுடர் குடித்தால் அழற்சி கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 52. எடைப் பயிற்சி செய்கிறேன். மூன்று மாதங்களாக வே புரதப் பவுடர் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) தினமும் இரண்டு கரண்டி குடிக்கிறேன். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 4.2 என்று வந்திருக்கிறது. காலையில் முழங்கால் லேசாகப் பிடித்துக்கொள்கிறது. பாலில் இருந்து எடுத்த எதுவும் உடலில் அழற்சியைத் தூண்டும் என்று உடன் பயிற்சி செய்பவர் சொல்கிறார். பவுடரை நிறுத்திவிடட்டுமா?

பதில்: பவுடரைச் சந்தேகிப்பதற்கு முன், ரத்தம் கொடுத்த நாளுக்கு முந்தைய நான்கைந்து நாட்களை நினைத்துப் பாருங்கள். கால் தசைகளுக்குக் கடுமையான பயிற்சி செய்தீர்களா? சளி, காய்ச்சல் இருந்ததா? ஈறு வீங்கியிருந்ததா? தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே சி.ஆர்.பி. ஏறிவிடும். இது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடலில் எந்த மூலையில் அழற்சி ஏற்பட்டாலும் அளவு கூடும். எந்த மூலை என்பதை மட்டும் சொல்லாது. ரத்தத்தில் இதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 19 மணி நேரம்தான். ஆகவே காரணம் விலகினால் சில நாட்களிலேயே அளவும் இறங்கிவிடும்.

உங்களுக்குச் செய்தது சிறு அளவையும் காட்டும் நுண்ணிய சி.ஆர்.பி. (hs-CRP) பரிசோதனை என்று வைத்துக்கொள்கிறேன். அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய்க்கான அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று கொள்வார்கள். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்றையோ வேறு கடும் அழற்சியையோ தேடுவோம். 4.2 அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. ஆனால் ஒரே ஒரு முறை பார்த்து முடிவுகட்டக்கூடிய எண்ணும் அல்ல. இரண்டு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாட்கள் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவுடரை மட்டும் வழக்கம்போலக் குடியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எதனால் இறங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி பால் புரதத்துக்கு வருவோம். வே புரதம் சி.ஆர்.பி.-யை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த ஒன்பது சோதனைகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. ஒட்டுமொத்தமாக அளவு கூடவில்லை; கணிசமாகக் குறையவும் இல்லை. தினம் 20 கிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடமும், தொடக்கத்திலேயே சி.ஆர்.பி. 3-க்கு மேல் இருந்தவர்களிடமும் மட்டும் குறைந்தது. பால் பொருட்களையும் அழற்சியையும் பற்றிய 52 மருத்துவச் சோதனைகளை அலசிய 2017-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதே திசையில்தான் போகிறது: பெரும்பாலோருக்கு, குறிப்பாக வளர்சிதைமாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு, பால் அழற்சியைத் தணிக்கும் பக்கமே சாய்கிறது, பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் தூண்டுகிறது. இதை வைத்துக்கொண்டு 'அழற்சியைக் குறைக்கும்' என்று டப்பாவில் அச்சடித்து விற்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஒரு சிறு உட்குழுவில் தெரிந்த மாற்றம் மருந்தாகிவிடாது.

பிறகு ஏன் இந்தப் பேச்சு ஓயவில்லை? பவுடர் குடித்தவுடன் வயிறு உப்புவதையும் அழற்சி என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததால் வரும் வாயு; அடர்வு (கான்சன்ட்ரேட்) வகைப் பவுடரை விட்டு, லாக்டோஸ் பெருமளவு நீக்கப்பட்ட ஐசோலேட் வகைக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பொருட்கள் பட்டியலில் செயற்கை இனிப்பூட்டிகளும் பசைப் பொருட்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகப்பரு விஷயத்தில் மட்டும் குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். வே புரதம் இன்சுலினை விரைவாக உயர்த்துகிறது; அது பருவைத் தூண்டலாம். பவுடர் தொடங்கியபின் பரு கிளம்பியவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. ஏ1, ஏ2 (பாலில் உள்ள பீட்டா கேசின் புரதத்தின் இரு வகைகள்) பால் சர்ச்சை கொஞ்சம் அலுப்பூட்டுவது: ஏ1 புரதம் நோய்களுக்குக் காரணம் என்று நிறுவ முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது.

முழங்காலுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எழுந்து நடமாடிய அரை மணி நேரத்துக்குள் பிடிப்பு விட்டுவிட்டால் தேய்மானமோ பயிற்சிச் சுமையோதான் முதல் சந்தேகம். குந்தி எழும் பயிற்சியின் எடையை இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பு நீடித்தாலோ, மூட்டு சூடாகி வீங்கினாலோ, பரிசோதனைத் தாளோடு மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் (கவுட்) உங்களுக்கு இருந்தாலும் பாலை ஒதுக்கத் தேவையில்லை. யூரிக் அமிலமாக மாறும் பியூரின் பால் புரதத்தில் மிகக் குறைவு, பால் புரதம் யூரிக் அமிலத்தைச் சற்றே குறைக்கவும் செய்கிறது.

என் கணிப்பில், நீங்கள் பவுடரை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு கரண்டி தேவையா என்பதுதான் கேள்வி. 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் கணக்கில் நாளொன்றுக்கு 56 கிராம் புரதம் அடிப்படைத் தேவை. எடைப் பயிற்சி செய்தால் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம், அதாவது 84 முதல் 112 கிராம். சாப்பாட்டில் கிடைப்பதைக் கழித்துப் பார்த்தால் பலருக்கு ஒரு கரண்டியிலேயே கணக்கு முடிந்துவிடும்.

சிறுநீரக நோய் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பவுடரில் உள்ள கால்சியம் அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, நான்கு மணி நேரம் கழித்துப் பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.