முதலில் ஒரு ரிங்கிட்டைச் செலவழியுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் பி.பி.ஆர். என்ற அரசு மலிவு விலை அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தாய்: "கணவருக்கு வேலை போய்விட்டது. நான்காம் படிவம் படிக்கும் மகள் யாரோடும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். எங்கள் பணக்கஷ்டம்தான் காரணமா? ஒருவர் 900 ரிங்கிட்டில் 'மைண்ட் தெரப்பி' பேக்கேஜ் என்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள் அம்மா.

வருமானம் குறைந்த எல்லா வீட்டிலும் பிள்ளைக்கு மனச்சோர்வு வந்துவிடுவதில்லை. 1980களின் விவசாய நெருக்கடியில் அடிபட்ட அமெரிக்காவின் ஐயோவா மாநிலக் கிராமக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பெற்றோர் மனம் ஒடிந்து, தங்களுக்குள் சண்டை போட்டு, அந்த எரிச்சலைப் பிள்ளைகள் மேல் காட்டினார்கள். பிள்ளைகளைப் பெரிதும் பாதித்தது அதுதான். வாடகைப் பாக்கியைப் பற்றி ராத்திரி சமையலறையில் நீங்கள் குசுகுசுப்பது அந்தச் சின்ன வீட்டில் அவள் காதில் விழாமலா இருக்கும்? நிலைமையை நீங்களே சொல்லிவிடுங்கள். அத்தையோ பள்ளி கவுன்சலரோ, அவள் மனம்விட்டுப் பேச ஒரு பெரியவர் வேண்டும்.

இரண்டு வாரமாகியும் இப்படியே என்றால் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

இந்த 'ஹீலர்', 'லைஃப் கோச்' கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1998 கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் என்று சொல்லிக்கொள்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கே.பி. என்று தொடங்கும் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதற்குப் பதில் வாட்சாப்பில் சான்றிதழ் படம் அனுப்பினால் போனை வைத்துவிடுங்கள். ஜே.கே.எம். என்ற அரசு சமூகநலத் துறையின் உதவிக்கு 'விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறேன்' என்று வரும் ஏஜெண்டும் அதே ரகம். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. பாரத்தை ஏழை வீட்டுக்காரருக்குப் புரியும்படி அச்சடித்திருந்தால் அந்த ஆளுக்குப் பிழைப்பே இருக்காது, அது வேறு கதை.

ஆஸ்பத்திரித் தேதி வர வாரக்கணக்கில் ஆகலாம். புலம்பிக்கொண்டே காத்திருங்கள். ஒரே ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. 'செத்துப் போகலாம்போல இருக்கு' என்று அவள் சொன்னால், எழுதி வைத்திருந்தால், கையைக் கீறியிருந்தால், தேதியும் வேண்டாம் கடிதமும் வேண்டாம், நேரே எமர்ஜென்சி. நடுராத்திரி ஆனாலும் சரி, மறுநாள் பரீட்சை இருந்தாலும் சரி, 'சும்மா சொன்னேன்' என்று சிரித்தாலும் சரி. சந்தேகம் இருந்தால் வாய்விட்டே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் போனில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் இங்கே குற்றமில்லை.